பேர் சொல்லி அழுதது

கல்லூத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆள் ஓடுவது காளியாயி வீட்டுக்குத்தான். கொடைக்கானல் மலையில், பள்ளங்கியிலிருந்து ஓடையோரமாகக் கீழே இறங்கினால் வருகிற சின்ன ஊர் அது. படிப்படியாக வெட்டிய காடுகள், தகரமும் புல்லும் வேய்ந்த வீடுகள், ஊருக்கு நடுவே ஒரு மந்தை. காளியாயி வந்து தலைமாட்டில் உட்கார்ந்து முதல் அடியை எடுத்த பிறகுதான் மற்றப் பெண்களுக்கு அழுகையே வரும்.

அதற்கு ஒரு முறை உண்டு. நாடிக்கட்டுக் கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து முடிந்து, நெற்றியில் காசு வைக்கிற வரை யாரும் செத்தவர் பெயரைச் சொல்லிப் பாட மாட்டார்கள். கட்டு விழுந்த பிறகுதான் பெயர். பெயர் சொல்லி அழுதுவிட்டால் அந்த உடம்பு வீட்டுக்குச் சொந்தமில்லை, சுடுகாட்டுக்குச் சொந்தம். அழுத பெண்கள் ஓடையில் முழுகாமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில், வெள்ளைப்பூடு தோண்டி முடித்துத் தாளோடு கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் புகைக்குத் தொங்கவிட்டிருந்த சமயத்தில், கொடைக்கானல் மிஷன் பங்களாவிலிருந்து ஒரு ஜீப் பள்ளங்கி வரை வந்தது. அதிலிருந்து மூன்று பேர் இறங்கிக் கல்லூத்துக்கு நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் மிஸ் கார்வர். அமெரிக்காவிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத இளவயதுக்காரி. மதுரையில் ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்தவளாதலால் அச்சடித்தது போலப் பேசுவாள். அவளுக்குத் துணை ஞானப்பூ அம்மாள், திண்டுக்கல்காரி. வீடு வீடாகப் போய் வேதம் சொல்லுவது அவள் வேலை. பின்னால் பலகையும் பால் பவுடர் டின்னும் சுமந்து வந்தவன் ஜீப் டிரைவர் சுப்புராஜ்.

லீவு விட்ட பிள்ளைகளுக்கு மந்தையில் வேதப் பள்ளி நடந்தது. பாட்டு, கை தட்டல், கதை, கடைசியில் வெந்நீரில் கரைத்த பால். பலகையில் கம்பளித் துணி போர்த்தி, அதன்மேல் துணிப் பொம்மைகளை மிஸ் கார்வர் ஒட்டவைப்பாள். பசை கிடையாது, ஆனாலும் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் பலகைக்குப் பின்னால் போய்ப் பசையைத் தேடினார்கள். ஆனால் மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கும். துணியில் ஈரம் ஏறியதும் பொம்மைகள் ஒவ்வொன்றாக நழுவும். முதலில் விழுவது ஏசுசாமிதான்.

"டீச்சரம்மா, சாமி வழுக்குறாரு!" என்று பிள்ளைகள் கூச்சல் போடும். காடு கொத்திவிட்டு வருகிற ஆண்கள்கூட நின்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

மிஸ் கார்வரின் முகம் சிவந்துபோனது. "இந்தப் படங்கள் நிற்கவில்லை. கடைசி நாளில் பிள்ளைகளே நடித்துக் காட்டட்டும்," என்றாள். அவள் எடுத்த கதை, ஒரு தலைவனுடைய மகள் செத்துப்போக, ஏசுசாமி வந்து கையைப் பிடித்து எழுப்புகிற கதை.

செத்தவளாகப் படுக்க இருளாயியைத் தேர்ந்தெடுத்தார்கள். காளியாயிக்கும் திருமலைச்சாமிக்கும் மூத்த பிள்ளை. அடுத்த வருஷம் பெரியவளாகிக் குச்சிலில் உட்காரும் வயது. கண்ணிமைக்காமல், சிரிக்காமல், மூச்சு தெரியாமல் படுத்திருக்க அவளால்தான் முடிந்தது. மற்றப் பிள்ளைகள் காதில் புல்லை விட்டுப் பார்த்தும் அசையவில்லை.

செய்தி கேட்டுக் காளியாயி மந்தைக்கு வந்தாள். இடுப்பில் ஒரு வயது மகன் வேலுமணி.

"ஏம்மா, செத்த மாதிரிப் படுக்கணுமாம்ல? வேற வேசம் இல்லையா? ஆடு மாடுன்னு ஏதாச்சும்?"

"செத்த மாதிரின்னு ஏன் நெனைக்கிறே? எந்திரிக்கிற மாதிரின்னு நெனை," என்றாள் ஞானப்பூ.

"எந்திரிக்கிறதுக்கு முன்னாடி சாகணும்ல? எங்க ஊர்க் கூத்துல சாகுறவனுக்கு இடுப்புல வசம்பு கட்டித்தான் எறக்குவோம். முடிஞ்சதும் பூசணிக்கா சுத்தி ஒடைச்சாத்தான் அவன் வீட்டுக்குள்ள வரலாம்."

"இது கூத்து இல்லத்தா. வேதம். வேதத்துல ஏது பூசணிக்கா?"

"வசம்பாச்சும் இருக்கட்டும்மா. பாவாடைக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது?"

"கர்த்தருக்குத் தெரியும்," என்றாள் ஞானப்பூ.

வீட்டில் திருமலைச்சாமி சாமைச்சோற்றில் பூடுத் துவையலைப் பிசைந்தபடி, "விடுடி. புள்ள கால்புண்ணுக்குத் தொரைசானிதான மருந்து போட்டாக? ஒரு பொழுது படுத்து எந்திரிச்சா என்ன கொறஞ்சிரும்?" என்றான். இருளாயி ஏற்கெனவே பாயை விரித்துப் படுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காளியாயி மகளுக்குத் தலை வாரும்போது, இடுப்புக் கயிற்றில் ஒரு துண்டு வசம்பைக் கட்டிவிட்டாள்.

கடைசி நாள் ஊரே மந்தைக்கு வந்துவிட்டது. கட்டிலில் இருளாயி. பிணத்துக்கு என்னென்ன செய்வார்கள் என்பதை மிஸ் கார்வர் கேட்டுக் கேட்டுச் செய்யச் சொன்னாள். ஞானப்பூ தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். வெள்ளைத் துணியைக் கிழித்து நாடியைத் தூக்கித் தலையோடு கட்டினாள். பெருவிரல்களை முடிந்தாள். நெற்றியில் காசு வைத்தாள். பாவாடையைச் சரிசெய்யும்போது இடுப்பிலிருந்த வசம்பு கையில் தட்டுப்பட்டது. பொம்மை வெட்டுகிற கத்திரியால் கயிற்றோடு நறுக்கி எறிந்தாள். பின்வரிசையில் நின்ற காளியாயி அதைப் பார்த்தாள். கூட்டத்தைத் தாண்டி முன்னே வருவதற்குள் நாடகம் தொடங்கிவிட்டது.

அழுகிறவர்களாக வீரம்மாளும் விசாலாட்சியும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தி தொடங்கிய அடியை இன்னொருத்தி நடுவில் விட்டாள். ராகம் எங்கோ போயிற்று. பிள்ளைகள் கெக்கலித்தார்கள்.

"ஏ, அழுகச் சொன்னா தாலாட்டுப் பாடுறாளுக!" என்று யாரோ கத்தினார்கள்.

காளியாயிக்கு அது பொறுக்கவில்லை. தப்பாகப் பாடுகிற ஒப்பாரியை அவள் காது இதுவரை தாங்கியதில்லை. எத்தனை சாவு வீட்டில் இப்படித் தடுமாறும்போது எட்டி உட்கார்ந்து தூக்கி நிறுத்தியிருக்கிறாள்! வேலுமணியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தது அவளுக்கே தெரியாது. கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கட்டின நாடியையும் நெற்றிக் காசையும் கண்ணால் பார்த்தாள். தொண்டை திறந்துகொண்டது.

*பூடு வெளஞ்ச காட்டுக்குள்ள – பொன்னே நீ*
*பொழுதெறங்கப் படுத்ததென்ன*
*வாசல் தெளிக்கு முன்ன – எம் இருளாயி*
*வழிநடந்து போனதென்ன*

மந்தை அடங்கிப்போனது. சிரித்த பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள், பழக்கம். இரண்டாவது தடவை பெயர் வந்தபோதுதான் விசாலாட்சி வாயைப் பொத்திக்கொண்டாள். காளியாயியின் குரலும் அந்த இடத்திலேயே அறுந்தது.

ஒட்டுத் தாடியோடு சுப்புராஜ் வந்து கையைப் பிடித்து, "பிள்ளையே, எந்திரி," என்றான். இருளாயி எழுந்தாள். நெற்றிக் காசு உருண்டு விழுந்தது. கட்டின நாடியோடு சிரிக்க முடியாமல் சிரித்தாள். பிள்ளைகள் கை தட்டின. மிஸ் கார்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினாள். பெரியவர்கள் யாரும் தட்டவில்லை.

வீரம்மாள் காளியாயியின் காதில் சொன்னாள்: "பேரைச் சொல்லிட்டியேடி பாவி."

விளையாட்டுக்கு எதற்கு ஓடையில் முழுக வேண்டும் என்று பெண்கள் அப்படியே வீட்டுக்குப் போனார்கள். வேதப் பள்ளிக்காரர்களும் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வாரமே ஆலங்கட்டி மழை கொட்டியது. சித்திரை வைகாசியில் கட்டி விழுவது புதிதல்ல. ஆனால் இப்படி விழுந்ததில்லை. உருளைச் செடி தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அவரைக் கொடியில் ஓர் இலை இல்லை. பேரிக்காய் மரங்களின் பிஞ்செல்லாம் சேற்றில் கிடந்தது. மழை விட்டதும் காட்டுக்குப் போன ஆட்கள் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே திரும்பி வந்தார்கள். திருமலைச்சாமி வீட்டில் வேலுமணிக்கு அனலாய்க் காய்ந்தது.

மன்னாடி பழனிச்சாமி ஊரைக் கூட்டினார். கல்லூத்தில் தண்ணீர் முறை, காட்டு எல்லை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் மன்னாடி வாக்குத்தான்.

"கட்டுக் கட்டி, பேர் சொல்லி அழுதாச்சு. அழுதவளும் லேசுப்பட்டவ இல்ல. அந்த ஒடம்பு எந்திரிச்சு ஊருக்குள்ள நடக்குது. அதான் வானம் கல்லெடுத்து எறியுது," என்றார்.

"நடிப்புங்கய்யா. சின்னப் புள்ள," என்றான் திருமலைச்சாமி.

"நடிப்புக்கு வசம்பு எங்கப்பா? பூசணிக்கா எங்க? கூத்துன்னா கூத்துக்குள்ள மொறையச் செய்யணும், சாவுன்னா சாவுக்குள்ள மொறையச் செய்யணும். நீ ரெண்டையும் செய்யல."

காளியாயியின் தம்பி நாச்சிமுத்து எழுந்தான். அவன் மகனுக்குத்தான் இருளாயி என்று அவள் பிறந்த அன்றைக்கே பேசி வைத்திருந்தது.

"மச்சான், தப்பா நெனைக்காதீக. எம் மகனுக்குப் பொணத்தக் கட்டி வைக்க எனக்கு மனசு வல்ல."

"ஏலே தம்பி!" என்று பெண்கள் பக்கமிருந்து காளியாயி கத்தினாள். "நீ தூக்கி வளத்த புள்ளடா!"

"நாந் தூக்குன புள்ளைய நீதானக்கா பாட்டுப் பாடி அனுப்பி வச்ச?" என்றான் நாச்சிமுத்து. இரண்டொருவர் சிரித்துவிட்டு அடங்கினார்கள்.

மன்னாடி முடித்துச் சொன்னார். தொடங்கின சாவை வீட்டுக்காரன் முடிக்க வேண்டும். பிள்ளை ஊரை விட்டுப் போய்விட வேண்டும். பெற்றவர்கள் அவளை உயிரோடு கண்ணால் பார்க்கக் கூடாது. பார்த்தால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது. முடிக்காவிட்டால் திருமலைச்சாமி காட்டுக்கு வாய்க்கால் மடை திறக்காது, வீட்டில் அடுப்பு பற்றவைக்க யாரும் தீ கொடுக்க மாட்டார்கள்.

திருமலைச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். பிறகு, "வாழத்தண்டு யாரு வீட்டுல இருக்கு?" என்று கேட்டான். அவன் அழுததாக ஊரில் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளனே மீசையை வழித்துக்கொண்டான். பிணத்துக்குப் பதிலாக இருளாயி உயரத்துக்கு ஒரு வாழைத்தண்டு வெட்டி வந்தார்கள். அதற்கு அவளுடைய பச்சைப் பாவாடையைச் சுற்றினார்கள். இருளாயியை மாட்டுக் கொட்டிலில் அடைத்திருந்தது. கொட்டில் பலகை இடுக்கில் கண்ணை வைத்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, அது எம் பாவாடை!" என்று உள்ளிருந்து கத்தினாள். "ஆத்தா! அய்யாட்டச் சொல்லு. பள்ளிக்கூடத்துக்குப் போட வேணும்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செத்தவள் குரல் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

வாழைத்தண்டுக்குத் தலைமாட்டில் காளியாயியை உட்காரவைத்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

"உசுரோட கெடக்கையில அந்தப் பாட்டுப் பாடுனா. இப்ப வாயடைச்சுப் போச்சோ?" என்றாள் விசாலாட்சி. அன்றைக்கு மற்றவர்கள்தான் பாடினார்கள், அடி தப்பித் தப்பி. திருமலைச்சாமி தண்டைத் தோளில் தூக்கிப் போய்ப் புதைத்துவிட்டு ஓடையில் முழுகிவிட்டு வந்தான். வந்தவன் கொட்டில் பக்கம் பார்க்காமல், "வெரசாத் தொரைசானிகிட்டக் கூட்டிட்டுப் போயிரு. பொழுது சாயுறதுக்குள்ள," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

பெற்றவள் கண்ணில் மகள் படக்கூடாதென்பதால் காளியாயி முன்னால் நடந்தாள். இருளாயி பின்னால் வந்தாள். பள்ளங்கி ஏற்றத்தில் மஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது.

"ஆத்தா, மெள்ளப் போ. கால் வலிக்குது."

காளியாயி மெள்ளப் போனாள். திரும்பவில்லை.

"நான் ஒழுங்காத்தானே படுத்தேன்? அசையவே இல்லையே ஆத்தா. அப்புறம் எதுக்கு எல்லாரும் கோவமா இருக்காக?"

"நல்லாத்தான்டி படுத்த."

"சாமி வேசம் போட்ட டிரைவரு கையில ஒரே பீடி நாத்தம்," என்றாள் இருளாயி. காளியாயிக்குச் சிரிப்பு வந்தது. அதையும் திரும்பாமலே சிரித்தாள்.

மிஷன் பங்களாவில் மிஸ் கார்வர் விஷயத்தைக் கேட்டு அழுதாள். பிறகு அவள் முகம் மெதுவாக மலர்ந்தது. "விசுவாசத்துக்காக இந்தப் பிள்ளையைத் தள்ளிவிட்டார்கள்! ஞானப்பூ, இவளைக் கர்த்தரே நமக்குக் கொடுத்திருக்கிறார்," என்றாள். வசம்பைப் பற்றி ஞானப்பூ ஒன்றும் பேசவில்லை.

"நான் வந்து வந்து பாத்துக்கிறலாமா?" என்று காளியாயி, முதுகைக் காட்டியபடியே ஞானப்பூவைக் கேட்டாள்.

"உங்க ஊர்லயே பாக்கக் கூடாதுன்னுட்டாக. நாங்களும் அதத்தான் சொல்றோம். வந்தா புள்ள மனசு அலைபாயும். போர்டிங்ல தங்கிப் படிக்கட்டும். நீ போ ஆத்தா."

ஒரே ஒரு விஷயத்தில் மன்னாடியும் மிஷனும் ஒத்துப்போனார்கள்.

இருளாயிக்குத் தபீத்தாள் என்று பெயர் வைத்தார்கள். வேதத்தில் செத்து எழுந்த ஒருத்தியின் பெயர் அது. வெளியூரிலிருந்து துரைமார் வந்தால் அவளை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தி, ஊர் தன்னை எப்படித் துரத்தியது என்று சொல்லச் சொல்வார்கள். பச்சைப் பாவாடையைப் பற்றி அவள் சொல்லும் இடத்தில் எல்லாரும் கண் கலங்குவார்கள். போகப்போக அந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல அவள் பழகிக்கொண்டாள்.

கல்லூத்தில் அதற்குப் பிறகும் சாவுகள் விழுந்தன. காளியாயியை யாரும் கூப்பிடவில்லை. வேலுமணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அதனால் மன்னாடி வாக்குப் பலித்ததென்று ஊர் நம்பியது, காளியாயியும் நம்பினாள்.

பூடு வியாபாரி இப்ராம்சா மட்டக்குதிரைகளோடு கல்லூத்துக்கு வந்து போகிறவர். கொடைக்கானல் பஜாரில் அவருக்குக் கடை. அடுத்த சித்திரையில் மூட்டை கட்டும்போது காளியாயியிடம் மெதுவாகச் சொன்னார்: "தாயி, ஒம் மகளப் பாத்தேன். வேதப் பள்ளிக்காரவுக இந்த வருசம் பூம்பாறைக்குப் போறாகளாம். அங்கயும் அதே நாடகம். ஒம் மகதான் படுக்குறாளாம். பெத்தவுக எவளும் புள்ளையப் படுக்க விட மாட்டேங்குறாகளாம். ஒம் மகளுக்குக் கேக்க ஆளில்லைல?"

காளியாயி பூடுத் தாளை முடிந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணே, உசுரோட பாக்கக் கூடாதுன்னுதான சொன்னாக? செத்துக் கெடக்கையில பாக்கலாம்ல?"

இப்ராம்சா தாடியைத் தடவினார். "நான் என்னத்தச் சொல்றது தாயி? நீங்க ஒருவிதமாச் சொல்லுறீக. அவுக ஒருவிதமாச் சொல்லுறாக. அல்லா எனக்குப் பூடு விக்கிற சோலியத்தான் கொடுத்திருக்கான்."

விதைப்பூடு வாங்கிவரப் போகிறேன் என்று திருமலைச்சாமியிடம் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எதற்கு என்று கேட்கவில்லை. "குளுரும், கம்பளி எடுத்துட்டுப் போ," என்றான்.

பூம்பாறையில் நாடகம் கோயிலுக்கு வெளியே ஒரு களத்தில் நடந்தது. காளியாயி பூடுக் குவியலுக்குப் பின்னால் கம்பளியை முக்காடிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞானப்பூவின் குரல் கேட்டது. "தபீத்தாள், படு. நாடியக் கட்டணும்." அதற்கு ஒரு குரல், "நானே கட்டிக்கிட்டேன் டீச்சர்," என்றது. கொஞ்சம் கனத்துப்போன குரல். கட்டில் கிரீச்சிட்டது. போர்த்துகிற துணியின் சத்தம் கேட்டது. அப்புறம்தான் காளியாயி கண்ணைத் திறந்தாள். கால் நீண்டிருந்தது. கட்டின பெருவிரல்கள் துணிக்கு வெளியே தெரிந்தன.

"அழுகிறவர்கள் எங்கே?" என்று மிஸ் கார்வர் கேட்டாள். பூம்பாறைப் பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். கல்லூத்துச் சமாசாரம் அங்கேயும் எட்டியிருந்தது.

கம்பளி முக்காட்டோடு ஒருத்தி எழுந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். மிஸ் கார்வருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஞானப்பூவுக்குத் தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

வாழைத்தண்டுக்கு வராத பாட்டு இப்போது வந்தது. காளியாயி பாடினாள். பேரி பூத்ததைப் பாடினாள், வேலுமணி எட்டு வைத்து ஓடுவதைப் பாடினாள், கொட்டிலில் செவலைப் பசு ஈன்றதைப் பாடினாள். ஒரு வருஷத்துச் சேதி முழுவதையும் ராகத்தில் வைத்துச் சொன்னாள். பாடிக்கொண்டே பிணத்தைத் தடவுகிறவர்களைப் போல நெற்றியைத் தடவினாள், கன்னத்தைத் தடவினாள், கால்புண் ஆறிய தழும்பைத் தேடித் தடவினாள். பெயரை மட்டும் சொல்லவில்லை. துணிக்கு அடியிலிருந்து ஒரு கை ஊர்ந்து வந்து அவள் விரல்களைப் பற்றிக்கொண்டது.

சுப்புராஜ் ஒட்டுத் தாடியோடு வந்தான். "பிள்ளையே, எந்திரி."

பிள்ளை எழவில்லை.

கூட்டத்தில் சலசலப்பு. சுப்புராஜ் மிஸ் கார்வரைப் பார்த்தான். இன்னும் சத்தமாகச் சொன்னான். "பிள்ளையே, எந்திரி!"

"ஏலே, டிரைவரு சாமிக்கு இன்னிக்கு ஸ்டார்ட் ஆகல!" என்று ஒரு குரல் வந்தது. களமே சிரித்தது. துணிக்கு அடியில் பிடி இன்னும் இறுகியது.

காளியாயி குனிந்தாள். பாட்டின் இழுப்பிலேயே, உதடு அசையாமல் சொன்னாள்: "எந்திரிச்சிருடி. அடிப்பாக."

"நீ போயிருவ," என்றது துணி.

"போகத்தான செய்யணும். ஒந் தம்பி இருக்கான்ல."

பிடி விடவில்லை. காளியாயி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரலைப் பிரிக்கத்தான் நேரமாயிற்று. பிரித்து முடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு எழுந்து, கூட்டம் விலகி வழிவிட, தட்டுத்தடுமாறி வெளியே நடந்தாள். பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. பிள்ளைகள் கை தட்டின.

"அந்தப் பெண் எவ்வளவு உண்மையாக அழுதாள்!" என்று மிஸ் கார்வர் ஞானப்பூவிடம் சொன்னாள். "பெயர் என்னவென்று கேளுங்கள். அடுத்த வருஷம் தாண்டிக்குடிக்கும் அவளை அழைக்க வேண்டும்."

காளியாயி பூம்பாறைக்குக் கீழே இருக்கிற ஓடையில் இறங்கினாள். பனிபோலக் குளிர்ந்த தண்ணீர். முக்காட்டை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டு, போன வருஷம் முழுகாமல் விட்டதற்கும் சேர்த்து, தலை நனைய நனைய முழுகினாள். பிறகு விதைப்பூடு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.